சீசன் முடிஞ்சுது... சண்டை தொடங்குது!

செமஸ்டரின் கடைசிப் பேப்பரை எழுதி முடிச்சு, ஹாலை விட்டு வெளியே வந்ததும் என்ன பண்ணுவீங்க? நேரா கேன்டீன். ரெண்டு டீயை நாலு பேர் பிரிச்சுக் குடிச்சுக்கிட்டு, ‘கொஸ்டின் பேப்பர் செட் பண்ணது யாருடா?’, ‘அடுத்த செம்ல எந்த சப்ஜெக்ட் மாறுதாம்?’னு ஒரு மணி நேரம் கச்சேரி! பரீட்சையைவிட அந்தக் கச்சேரிதான் செம சுவாரஸ்யம், இல்லையா?

அமெரிக்காவில் ஸ்டாக் கார் ரேஸ் ரசிகர்களும் இதே கேஸ்தான். நாஸ்கார்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பிப்ரவரியில் டேடோனாவில் ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும் 36 பந்தயம். ஏறக்குறைய வாரா வாரம் ஞாயித்துக்கிழமை இன்ஜின் சத்தம். நவம்பரில் சீசன் முடிஞ்சதும் மூணு மாசத்துக்குக் காது நிசப்தம். ஆனா வாய்க்கு மட்டும் லீவே கிடையாது! எந்த டிரைவர் எந்த டீமுக்குத் தாவுறார், பாயின்ட் முறை மாறுமா, எல்லாத்துக்கும் மேல அடுத்த வருஷ அட்டவணையில் எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியேன்னு டீக்கடை ரேஞ்சுக்கு விவாதம் நடக்கும்.

‘அட, ஒரு டைம்டேபிளுக்கா இவ்வளவு அலப்பறை?’னு கேட்கறீங்களா? கேளுங்க பாஸ். அந்த டைம்டேபிளுக்குள்ள ஒரு குட்டி ஊரோட உயிர் இருக்கு.

மூணு சுற்றில் போன கோப்பை

முதல்ல, 2025 சீசன் முடிஞ்சப்போ கச்சேரி ஏன் அவ்வளவு சூடா இருந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

2025 நவம்பர் 2. அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் கடைசிப் பந்தயம். சாம்பியன் பட்டத்துக்கு நாலு பேர் மோதுறாங்க. மத்தவங்க 35 ரேஸில் என்ன பண்ணியிருந்தாலும் சரி, அன்னிக்கு இந்த நாலு பேரில் யார் முன்னாடி வர்றாரோ அவர்தான் சாம்பியன். அதில் ஒருத்தர் டென்னி ஹாம்லின். இருபது வருஷமா முழு நேரமா ஓட்டுறார், 60 வெற்றி கையில் இருக்கு. சாம்பியன் பட்டம் மட்டும் ஒண்ணுகூட இல்லை. அன்னிக்கு மனுஷன் 200 சுற்றுக்கும் மேல முன்னணியில் இருந்தார். இன்னும் மூணே சுற்று. அப்போ பார்த்து வேறொரு காரின் டயர் போச்சு, மஞ்சள் கொடி விழுந்துடுச்சு. எல்லாரும் பிட்டுக்குள் நுழைஞ்சாங்க. ஹாம்லின் நாலு டயரையும் மாத்தினார். கைல் லார்சன் ரெண்டை மட்டும் மாத்திட்டு முன்னாடி வெளியே வந்துட்டார். அவ்வளவுதான்! அன்னிக்கு ஒரு சுற்றில்கூட முன்னணியில் இல்லாத லார்சன் சாம்பியன். ஹாம்லின் மறுபடியும் வெறும் கையோட.

லார்சன் மேல தப்பில்லை. விதிப்படிதான் ஜெயிச்சார். ஆனா அந்த விதிதான் ரசிகர்களோட கடுப்பு. வருஷம் பூரா படிச்சவனுக்கும் கடைசி நாள் பிட்டு வொர்க்-அவுட் ஆனவனுக்கும் ஒரே பேப்பர், ஒரே மார்க்னா சும்மா இருப்பீங்களா? 2014-லேர்ந்து இருந்த அந்த ‘எலிமினேஷன்’ முறையைத் தூக்குங்கன்னு பல வருஷமாவே குரல். 2026 ஜனவரியில் நாஸ்கார் இறங்கி வந்துச்சு. கடைசி 10 பந்தயம், 16 டிரைவர்கள், இடையில் யாரையும் கழிக்கிற வேலை கிடையாது, மொத்தப் பாயின்ட்டில் யார் மேலேயோ அவரே சாம்பியன்னு பழைய ‘சேஸ்’ முறையைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. ‘36 ரேஸையும் கூட்டுங்கப்பா’னு கேட்டவங்களுக்கு முழுத் திருப்தி இல்லைதான். ஆனா பாதிக் கிணறாவது தாண்டியாச்சு.

பாயின்ட் கதை இத்தோட முடிஞ்சுது. இனிமே ஊர்க் கதை. அங்கேதான் மேட்டர் இருக்கு.

மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி...

நார்த் கரோலினா மாநிலத்தில் மலையடிவாரத்து ஊர் நார்த் வில்க்ஸ்போரோ. மக்கள்தொகை 4,000-த்துச் சொச்சம். சில இன்ஜினீயரிங் காலேஜ்களில் இதைவிட அதிகப் பேர் படிப்பாங்க! அந்த வில்க்ஸ் வட்டாரம் ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பேர் போனது. ராத்திரியில் சரக்கை ஏத்திக்கிட்டு, போலீஸ் கையில் சிக்காம மலைப் பாதையில் பறக்கறதுக்காகவே காரைக் கழட்டி மாட்டிக் கத்துக்கிட்ட பசங்க. அந்தப் பசங்கள்ல பலர்தான் பின்னாடி ரேஸ் டிரைவர் ஆனாங்க. அந்த மண்ணோட ஹீரோ ஜூனியர் ஜான்சன் அப்படி வந்தவர்தான். சாராய கேஸில் ஜெயிலுக்கும் போனார், நாஸ்காரில் 50 பந்தயமும் ஜெயிச்சார். 1986-ல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பே கொடுத்தார்.

‘ஸ்டாக் கார்’ங்கிற பேருக்கும் இங்கேதான் அர்த்தம் புரியும். ஷோரூமில் விக்கிற சாதா கார்னு பொருள். இப்போ ஓடுறது தோற்றத்தில் மட்டும்தான் சாதா கார், உள்ளே முழுக்க ரேஸ் மெஷின். அது வேற கதை.

ஈனாக் ஸ்டேலின்னு ஒருத்தர் கூட்டாளிகளோட சேர்ந்து 1947-ல் அந்த ஊரில் ஒரு டிராக் போட்டார். நாஸ்கார் சங்கமா பதிவாகறதுக்கு முந்தின வருஷம் அது! நிலத்தைச் சமன் பண்ணப் பணம் போதலை. அதனால ஒரு பக்கம் இறக்கம், எதிர்ப்பக்கம் ஏத்தம். காசில்லாததால வந்த அந்தக் கோணல்தான் பின்னாடி அந்த டிராக்கோட அழகே! சுத்தி வர 0.625 மைல், அதாவது ஒரு கிலோமீட்டர். 1949-ல், நாஸ்காரின் முதல் பெரிய சீசனிலேயே அந்த டிராக்குக்கு இடம் கிடைச்சுது. அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு பந்தயம்.

நம்ம ஊர்த் திருவிழா மாதிரி நினைச்சுக்கோங்க. அந்த ரெண்டு வாரத்துக்கு ஊரே ஜே ஜேன்னு இருக்கும். 4,000 பேர் இருக்கிற ஊரில் பல்லாயிரம் பேர் கூடினா எப்படி இருக்கும்? லாட்ஜில் ரூம் கிடைக்காது, ஓட்டலில் உட்கார இடம் கிடைக்காது. வெளியூர் போன பிள்ளைங்க வீட்டுக்கு வர்ற நாளும் அதுதான்.

தேதியைத் தூக்கிட்டுப் போன கதை

இப்போ கொஞ்சம் வயித்தெரிச்சல் சமாச்சாரம். நாஸ்காரில் எந்த டிராக்குக்கும் தேதி நிரந்தரச் சொத்து கிடையாது. வருஷா வருஷம் நாஸ்கார்தான் கொடுக்கணும். ஆனா டிராக்கை வாங்கறவர், அதிலிருக்கிற தேதியைத் தன்னோட வேற டிராக்குக்கு மாத்திக் கேட்கலாம். நாஸ்கார் தலையாட்டினா போதும். அதாவது ஊரை விலைக்கு வாங்கறது ஊருக்காக இல்ல பாஸ், காலண்டரில் அந்த ஊருக்கிருக்கிற ஒரு கட்டத்துக்காக!

1995-ல் ஸ்டேலி இறந்துபோனார். டிராக்கின் ஒரு பாதியை டிராக் முதலாளி ப்ரூட்டன் ஸ்மித் வாங்கினார். இன்னொரு பாதியை நியூ ஹாம்ப்ஷயர் டிராக்கின் சொந்தக்காரர் வாங்கினார். ஒருத்தர் டெக்சாஸில் பிரமாண்டமா புது டிராக் கட்டிக்கிட்டிருந்தார், அவருக்கு ஒரு தேதி தேவை. இன்னொருத்தருக்கு ரெண்டாவது தேதி தேவை. 1996 செப்டம்பர் 29-ல் கடைசிப் பந்தயம். ஜெஃப் கார்டன் ஜெயிச்சார். 1997-ல் ஒரு தேதி டெக்சாஸுக்கு, இன்னொண்ணு நியூ ஹாம்ப்ஷயருக்கு. சொத்தைப் பிரிச்ச மாதிரி ஆளுக்கொண்ணு! நார்த் வில்க்ஸ்போரோவில் கேட்டைப் பூட்டினாங்க. நடுவில் 2010-ல் கொஞ்ச நாள் திறந்து பார்த்தாங்க, ம்ஹூம், ஓடலை. கேலரியில் புல் முளைச்சுது.

இது ஒரு ஊரோட நிக்கலை. டெக்சாஸுக்கு ரெண்டாவது தேதி தர்றேன்னு சொன்ன வாக்கைக் காப்பாத்தலைன்னு ஒரு பங்குதாரர் 2002-ல் கோர்ட்டுக்குப் போனார். 2004-ல் சமரசம். அதுக்குப் பலி, அதே நார்த் கரோலினாவின் ராக்கிங்ஹாம் டிராக். 2004 பிப்ரவரி 22-ல் அங்கே நடந்த கடைசி கப் பந்தயத்தில் மேட் கென்செத், கேஸி கேனை வெறும் 0.010 விநாடியில் ஜெயிச்சார். கண் சிமிட்டக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்! அப்படியொரு ஃபினிஷைக் கொடுத்த டிராக்குக்கே கல்தா.

தெற்கு கரோலினாவின் டார்லிங்டன் கதை இன்னும் ஸ்பெஷல். அங்கே டிராக் போட நிலம் கொடுத்தவர், ‘என் மீன் குட்டையில மட்டும் கை வைக்காதே’ன்னுட்டார். அதனால ஒரு பக்கத்து வளைவைக் குறுக்கினாங்க, டிராக் முட்டை வடிவத்துக்கு வந்துடுச்சு! 1950-லேர்ந்து, செப்டம்பர் தொடக்கத்தில் வர்ற லேபர் டே லீவுக்கு அங்கே ‘சதர்ன் 500’ நடக்கும். 2004-ல் அந்த வார இறுதியைப் பிடுங்கி கலிஃபோர்னியாவின் ஃபான்டானாவுக்குக் கொடுத்தாங்க. பெரிய நகரம், பெரிய மார்க்கெட், டிவி ரேட்டிங். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. பேப்பரில்!

பூமராங்!

அப்புறம் என்ன ஆச்சு? இதுக்காகத்தான் இவ்வளவு நேரம் இழுத்தேன்.

ஃபான்டானாவில் அந்த லேபர் டே பந்தயம் 2008 வரைக்கும்தான். அப்புறம் அட்லாண்டா. 2015-ல் தேதி டார்லிங்டனுக்கே திரும்பி வந்துடுச்சு. பழைய கால டிசைனில் காருக்குப் பெயின்ட் அடிச்சு, ஒரு பழைய திருவிழாவையே உயிர்ப்பிச்சாங்க. 2020 மே மாசம் கொரோனாவுக்கு நடுவில் நாஸ்கார் மறுபடி பந்தயத்தைத் தொடங்கினப்போ, முதல் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊர் எது? அதே டார்லிங்டன்! ஃபான்டானா? 2023 பிப்ரவரியில் அந்த 2 மைல் டிராக்கில் கடைசிப் பந்தயம் நடந்துது. நிலத்தில் பெரும்பகுதியை வித்தாச்சு.

நார்த் வில்க்ஸ்போரோவுக்கு வாங்க. ஊர்க்காரங்களும் ரசிகர்களும் விடவே இல்லை. ஒவ்வொரு சீசன் முடியும்போதும் ‘வில்க்ஸ்போரோ என்னாச்சு?’ன்னு ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்தார். 2019 டிசம்பரில் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், ‘டிராக்கைக் காப்பாத்த முடியாட்டிப் போகுது, கம்ப்யூட்டர் கேமிலாவது உயிரோட இருக்கட்டும்’னு ஆட்களைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் புல்லு, செடியைப் பிடுங்கிச் சுத்தம் பண்ணினார். லேசர் ஸ்கேன் பண்ணி ஐரேசிங் கேமுக்குள் டிராக்கைக் கொண்டு வந்தாங்க. செத்துப்போனவருக்கு போட்டோ மாட்டற மாதிரிதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனா அந்த போட்டோ எழுந்து உட்கார்ந்துடுச்சு!

2021-ல் மாநில பட்ஜெட்டில் அந்த டிராக்குக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர். 2022 ஆகஸ்ட் 31-ல் டேல் ஜூனியரே அங்கே ஒரு உள்ளூர்ப் பந்தயம் ஓட்டி மூணாவதா வந்தார். அதை வெறும் உள்ளூர்ப் பந்தயம்னு யாரும் நினைக்கலை, கூட்டம் அப்படி! 2023 மே மாசம் நாஸ்காரின் ஆல்-ஸ்டார் பந்தயம் அங்கே நடந்துது. அதைக் கொண்டு வந்தது யார் தெரியுமா? ப்ரூட்டன் ஸ்மித்தின் மகன் மார்கஸ் ஸ்மித். அப்பா எடுத்துக்கிட்டுப் போனதை மகன் திருப்பிக் கொண்டு வந்து வச்சார்! அதுக்கு முந்தின ரெண்டு வருஷம் அந்த ஆல்-ஸ்டார் பந்தயம் எங்கே நடந்துச்சுன்னு கேளுங்க. டெக்சாஸ்! 1997-ல் வில்க்ஸ்போரோ தேதியை வாங்கிக்கிட்ட அதே டெக்சாஸ். சினிமாவில் வச்சா ‘ஓவர்’னு சொல்வோம்.

2026 அட்டவணையில் ஜூலை 19-ம் தேதி நார்த் வில்க்ஸ்போரோவுக்குப் பாயின்ட் பந்தயமே கொடுத்துட்டாங்க. 1996-க்கு அப்புறம் முதல் முறை. பூட்டின கேட்டுக்கு வெளியே நின்ன பையனுக்கு இப்போ கல்யாண வயசில் பசங்க இருக்கும்.

அப்போ புதுசே வேணாமா?

அப்படிச் சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். ரசிகர்கள் எப்பவும் கரெக்டா இருப்பாங்கன்னும் இல்லை. சிகாகோ நகரத் தெருவில் ரேஸ்னு அறிவிச்சப்போ, ‘இதெல்லாம் ஒரு ரேஸா?’ன்னு பழைய ஆட்கள் பலர் கிண்டல் பண்ணினாங்க. 2023 ஜூலையில் கொட்டுற மழையில் அந்தப் பந்தயம் நடந்துது. நியூஸிலாந்திலிருந்து வந்த ஷேன் வான் கிஸ்பெர்கன் தன்னோட முதல் கப் பந்தயத்திலேயே ஜெயிச்சார். அப்படி ஒரு விஷயம் அதுக்கு முன்னாடி நடந்தது 1963-ல்! கிண்டல் பண்ணவங்களே எழுந்து நின்னு கைதட்டினாங்க.

2025-ல் மெக்சிகோ சிட்டிக்குப் போனாங்க. 1958-க்குப் பிறகு அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் பாயின்ட் பந்தயம். 2026 அட்டவணையில் அது இல்லை. சிகாகோ தெருப் பந்தயமும் இல்லை, அதுக்குப் பதிலா 2019-க்குப் பிறகு மூடிக் கிடந்த சிகாகோலேண்ட் டிராக் உள்ளே. ஜூனில் சான் டியாகோ கடற்படைத் தளத்துக்குள் ஒரு பந்தயம். கடைசிப் பந்தயம் ஃபீனிக்ஸிலிருந்து மறுபடி மயாமி பக்கம் ஹோம்ஸ்டெட்டுக்கு. ஒரு கை புதுசைத் தேடுது, ஒரு கை பழசைப் பிடிச்சிருக்கு. மரம் உசரமா வளரணும்னாலும் வேர் மண்ணில் இருக்கணுமே!

கடைசிச் சுற்று

கடைசியா ஒரு கசப்பு மாத்திரை, முழுங்கிடுங்க. 2004-ல் ராக்கிங்ஹாமில் அந்த 0.010 விநாடி ஃபினிஷ் நடந்தப்போ கேலரி நிரம்பலை. தேதி போனதும் ‘ஐயோ, எங்க ராக்!’னு அழுதவங்களில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கியிருந்தாங்க? முதலாளி ஒரு கையால பூட்டினார்னா, காலியாக் கிடந்த சீட்டுதான் சாவியை எடுத்துக் கொடுத்துச்சு. 2025 ஏப்ரலில் ராக்கிங்ஹாமுக்கு டிரக் பந்தயமும் இரண்டாம் நிலைப் பந்தயமும் திரும்பி வந்துச்சு. கப் பந்தயம் 2026 அட்டவணையிலும் இல்லை. அது வரணும்னா கேலரி பேசணும், வாய் இல்லை.

இதைப் படிச்சுட்டு ‘அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன?’ன்னு பக்கத்தைத் திருப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. உங்க ஊர்ல ஒரு பழைய தியேட்டரை இடிச்சப்போ, ‘என் பால்யமே போச்சு’ன்னு உருகி உருகி ஸ்டேட்டஸ் போட்டீங்களே... கடைசியா அந்தத் தியேட்டர்ல எப்போ டிக்கெட் எடுத்தீங்க?

யோசிச்சு வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!

நம்ம ஊர் பிட்: இந்தக் கதையில் ஒரு கோயம்புத்தூர்க்காரரும் உண்டு! ஃபார்முலா 1 புகழ் நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் முதல் பந்தயம், 13-வது இடம். ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ‘மிகப் பிரபலமான டிரைவர்’ விருது அந்த வருஷம் டிரக் பிரிவில் யாருக்குன்னு நினைக்கறீங்க? நம்ம நரேனுக்கேதான்! அந்த மார்ட்டின்ஸ்வில்லும் ஒரு குட்டி ஊர்தான். 1949-ன் முதல் சீசனிலேர்ந்து ஒரு வருஷம்கூட அட்டவணையை விட்டு வெளியே போகாத டிராக்!